காய மறுத்த புத்தகம்

நூலகத்தின் மாடியில் குழாய் வெடித்து நனைந்த புத்தகங்களெல்லாம் ஒரே மாதத்தில் காய்ந்துவிட்டன. ஒன்று மட்டும் நாலு வருடமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. மேலேயிருந்து கசிகிறதோ என்று மேசையை மாற்றிப் பார்த்தார்கள். அங்கேயும் சொட்டியது. பூஞ்சணம் பிடிக்கவில்லை, மை கலங்கவில்லை, தண்ணீரும் தெளிவாகத்தான் இருந்தது. கூட்டிப் பெருக்கும் அம்மா அடியில் ஒரு வாளியை வைத்து, அந்தத் தண்ணீரிலேயே தரையைத் துடைத்தாள். குழாயடிக்கு நடக்கும் வேலை மிச்சம் என்று அவளுக்கு ஏகச் சந்தோஷம். தூக்கிப் போடலாமென்றால், காய்ந்த புத்தகத்தைத்தான் கழிவில் சேர்க்கலாம் என்று விதி இருந்தது.

அதைப் பழுதுபார்க்க வேண்டிய நூலக ஊழியை அதை எழுதியவரின் தங்கை. இது நூலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அண்ணன் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் செய்பவர். கைக்காசைப் போட்டு ஒரே ஒரு நாவலை அச்சடித்து, துணிப்பையில் சுமந்து, கல்யாண வீடு துக்க வீடு என்று பார்க்காமல் கொடுத்துக்கொண்டு திரிந்தார். கிரீஸ் படிந்த சட்டையோடு நூலகத்துக்கும் ஒரு பிரதி கொண்டுவந்தார். “யாரும்மா அது?” என்று தலைமை நூலகர் கேட்டதற்கு, “தூரத்துச் சொந்தம் சார்” என்றாள் தங்கை. சொல்லி வாய் மூடிய பிறகுதான், அண்ணன் இன்னும் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். அன்று சாயங்காலம் மனசு உறுத்தவே போன் போட்டு, “ஒரே மூச்சுல படிச்சுட்டேண்ணா, பிரமாதம்” என்று அளந்துவிட்டாள். அவர் நாவலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல், “சாப்ட்டியாம்மா?” என்றார்.

குழாய் வெடித்தபோதும் அதே கதைதான். ஊரார் புத்தகங்களுக்கெல்லாம் பக்கத்துக்குப் பக்கம் ஒற்றுத்தாள் செருகி, மின்விசிறிக்கு முன்னால் விரித்து வைத்தாள். அண்ணனுடைய புத்தகத்தை அவள் கடைசியில் தொட்டபோது தாள்கள் ஒட்டி ஒரே கட்டியாகியிருந்தன. அட்டையில் அவர் பெயர் தெரியாதபடி கவிழ்த்து வைத்தாள்.

நாலாவது வருடம் அண்ணன் போனில் கூப்பிட்டார். “எங்கிட்ட ஒரு பிரதிகூட இல்லம்மா. அங்க கழிச்சுப் போடறதா இருந்தா எனக்குக் குடுத்துடேன். வெள்ளிக்கிழமை வரேன்.” வந்தால் வாளியைப் பார்ப்பார். பதறிப்போய் அட்டையைத் திருப்பினாள். முதல் தாளில், ‘என் முதல் வாசகியான தங்கைக்கு’ என்றிருந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. அவள் படித்து முடித்ததும் அந்தத் தாள் இஸ்திரி போட்டதுபோல் காய்ந்து, தானே பிரிந்து வந்தது.

அப்புறம் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை. படித்த பக்கம் காய்ந்தது. இரண்டு வரி தாண்டினால் அந்த இரண்டு வரி மட்டும் ஈரமாக நின்றது. முதல் அத்தியாயம் இழுவைதான், அதை மறைப்பதற்கில்லை. நாற்பத்தோராம் பக்கம் தலைகீழாக இருந்தது. புத்தகத்தைத் திருப்பிப் பிடித்துப் படித்தாள். கொட்டும் மழையில் ஒரு பையன் தங்கையின் பள்ளிக்கூடப் பைக்குக் குடை பிடித்தபடி, தான் தொப்பலாக நனைந்துகொண்டு வருகிறான். அந்தப் பை அவளுடையது. மழையும் அவளுக்கு ஞாபகமிருந்தது.

வெள்ளிக்கிழமை அண்ணன் வந்தார். காய்ந்த புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, “நாற்பத்தோராம் பக்கம் தலைகீழா இருக்கேண்ணா” என்றாள்.

“எல்லாப் பிரதியிலயும் அப்படித்தான் போட்டுட்டான் படுபாவி. படிச்ச அத்தனை பேரும் முதல்ல அதைத்தான் சொன்னாங்க” என்று சிரித்தார்.

அன்றைக்குப் போனில் அவர் ஏன் சாப்பாட்டுக்குப் பேச்சை மாற்றினார் என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. எதிரே வந்த தலைமை நூலகரிடம், “இவர் என் கூடப்பிறந்த அண்ணன் சார்” என்று தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னாள். போனில் அளந்த பொய்யை மட்டும் தாண்டிவிட்டாள். சொல்லி முடிப்பதற்குள் அவள் தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது. அண்ணன் கைக்குட்டையை எடுத்து நீட்டினார்.

“துவட்டிக்கோ. சளி பிடிச்சுக்கும்.”

கூட்டிப் பெருக்கும் அம்மா ஒன்றும் கேட்காமல் வாளியை மேசைக்கடியிலிருந்து அவள் நாற்காலிக்கடியில் நகர்த்தி வைத்தாள். இன்றும் அது அங்கேதான் இருக்கிறது. தரை துடைக்கத் தண்ணீருக்குக் குறைவில்லை.