விசிறி இல்லாத பெட்டி

எப்சி வாசித்துப் பதிவு செய்யும் பாடங்களை நம்பித்தான் பார்வையற்ற கல்லூரி மாணவிகள் சிலர் பரீட்சை எழுதுகிறார்கள். பதிவுகள் அவளுடைய பாளையங்கோட்டை வீட்டுக் கணினியில் இருக்கும். அவர்கள் தங்கள் ஊரிலிருந்தே போனில் எடுத்துக் கேட்பார்கள். அதனால் அது இரவும் பகலும் ஓடியாக வேண்டும்.

பழைய கணினி மாவு மில் மாதிரி இரைந்தது. கரண்ட் போனால் இன்வர்ட்டரை உறிஞ்சிவிட்டுத் தானும் அணைந்தது. மாற்றியே தீர வேண்டும்.

"வாங்குறதுதான் வாங்குதோம், பெருசா வாங்குவோம்" என்றான் கணவன் கிருபைராஜ்.

"சினிமாவா எடுக்கப் போறோம்? பிள்ளைக கேட்டா பாடத்த எடுத்துக் குடுக்கணும். அதுக்கு எதுக்கு யானை?"

உள்ளங்கை அளவு போர்டிலேயே அடங்கும் கணினி ஒன்றை முதலில் பார்த்தாள். மெமரி கார்டில் ஓடுவது. கார்டு கெட்டால் பாடமெல்லாம் போய்விடும். வேண்டாம். கடைசியில் விசிறியே இல்லாத ஒரு குட்டிக் கணினியைத் தேர்ந்தெடுத்தாள். அதன் அலுமினிய உடம்பே சூட்டை வெளியே விட்டுவிடும். சத்தம் கிடையாது. கரண்ட் இழுப்பதும் ஒரு குண்டு பல்பை விடக் குறைவு.

"சோப்பு டப்பா கணக்கால்லா இருக்கு!" என்றாள் மாமியார் சாரம்மாள். "இதுக்குள்ளயா அத்தன பிள்ளைக படிப்பும் இருக்கு?"

இருந்தது. எத்தனை முறை கரண்ட் போனாலும் அணையாமல் ஓடியது.

பரீட்சைக்கு முந்தின நாள் எப்சி அம்பாசமுத்திரத்திலிருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தாள். முக்கூடலிலிருந்து மாணவி பிரம்மநாயகி அழைத்தாள்.

"அக்கா, கடைசிப் பாடம் வரமாட்டேங்கு. அத இன்னும் ஒரு தடவகூட கேக்கலக்கா. நாளைக்கு என்னத்த எழுதுவேன்?"

எப்சி உடனே வீட்டுக்குப் போன் போட்டாள்.

"அத்தை, பிரம்மநாயகிக்குப் பாடம் வரமாட்டேங்காம். அந்தச் சின்னப் பெட்டியில லைட்டு எரியுதா?"

"எரியலயே. ஆத்தாடி! தோசக்கல்லு மாதிரில்லா சுடுது!"

"மேல எதுவும் கெடக்கா?"

"ஒண்ணும் கெடக்கல. நான் பின்னுன உறைதான் போட்டிருக்கு."

டிவிக்கு, ரேடியோவுக்கு, மிக்ஸிக்கு என்று அந்த வீட்டில் சாரம்மாள் உறை பின்னாத பொருளே இல்லை. இதற்குக் கெட்டிக் கம்பளி நூலில், நாலு பக்கமும் மூடி, காலையில்தான் மாட்டியிருந்தாள்.

"முதல்ல அதக் கழட்டுங்க அத்தை. ஃபேனுக்குக் கீழ வைங்க. ஆறினதும் பட்டன பைய அமுக்குங்க."

"நான் தொட்டு என்னமும் ஆயிட்டுன்னா?"

"உங்கள விட்டா அங்கன யாரு இருக்கா?"

பஸ் முக்கூடல் தாண்டும்வரை எப்சி போனைப் பார்த்தபடியே இருந்தாள். பிறகு பிரம்மநாயகி அழைத்தாள்.

"வந்துட்டுக்கா! ஓடுது!"

எப்சி வீடு வந்து சேர்ந்தபோதும் சாரம்மாள் அட்டையால் பெட்டிக்கு விசிறிக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"பாவி, நான்லா அந்தப் பிள்ள படிப்பக் கெடுக்கப் பாத்தேன்."

எப்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க வீட்டுல இல்லன்னா யாரு அத்தை அத எழுப்பியிருப்பா? அந்தப் பிள்ள உங்களுக்கும் சேத்துத்தான் நன்றி சொல்லிச்சு."

அன்றைய குடும்ப ஜெபத்தைச் சாரம்மாளே ஏறெடுத்தாள். "ஆண்டவரே, தூசி விழுந்துரக் கூடாதேன்னுதான் மூடுனேன். அணைஞ்சத எழுப்பித் தந்தீரே, ஸ்தோத்திரம். பிரம்மநாயகிக்குப் படிச்ச கேள்வியா வரட்டும்."

கிருபைராஜ் சிரிப்பை அடக்கிப் பார்த்தான். முடியவில்லை.

"ஏலே, ஜெபத்துல சிரிக்காத" என்றாள் சாரம்மாள், மூடிய கண்ணைத் திறக்காமலே.

எப்சி சத்தமாக ஆமென் சொன்னாள்.