சாம்பல் பலகை

பெரியவள் நிறம் பூசிய ஐந்தாவது பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு, அதற்கு முன்னால் தானே போய் நின்றாள். முகம் இல்லாமல் நிறம் பார்க்கக் கூடாது என்பது அவள் வகுத்த சட்டம். நிறுத்துவதற்கு வேறு ஆள் இல்லை. எதிரே இரண்டு கேமராக்கள். ஒன்று பதினோரு வருடம் அவள் தோளில் கிடந்து தேய்ந்தது. மற்றது தங்கையுடையது, வாங்கி மூன்று வாரம்தான் ஆகிறது. பக்கத்து டிவியில் இரண்டின் படங்களும் அருகருகே தெரிந்தன. பிறகு பதிவைப் போட்டுப் பார்க்கும்போது குழம்பக் கூடாதென்று “சாம்பல்” என்று உரக்கச் சொல்லிவிட்டு டிவியைப் பார்த்தாள். எது எந்தக் கேமரா என்று அவளுக்கே தெரியவில்லை. “ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு” என்று வாய் தானாகச் சொன்னது.

வேலை அதோடு முடிந்திருக்க வேண்டும். டாக்டரம்மா வாரம் ஒருமுறை குழந்தை வளர்ப்பைப் பற்றிப் பேசும் நிகழ்ச்சி அது. நேரலை என்பதால் பிறகு உட்கார்ந்து நிறத்தைத் திருத்த முடியாது. படம் ஒரு கேமராவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது பின்சுவர் நிறம் மாறக் கூடாது, கேள்வி அவ்வளவுதான். சுவருக்கு நிறம் தேர்வு செய்வதை முதலாளி இவளிடமே விட்டிருந்தார். கூடவே இன்னொன்றும் சொல்லியிருந்தார்: இனி டாக்டரம்மாவின் முகத்தைப் புது கேமரா எடுக்கட்டும், பழசு ஓரமாக நின்று அறை முழுவதையும் எடுக்கட்டும். பதினோரு வருடம் அந்த முகத்துக்கு நேரே நின்றவளை நேற்று வந்தவளுக்காக நகரச் சொல்கிறார். அந்த நேற்று வந்தவள் கூடப்பிறந்தவளாகப் போனதில் வயிற்றெரிச்சல் இரட்டிப்பானது.

சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். மற்ற வீடுகளில் மூத்தது போட்டது இளையதுக்கு வரும். இவள் எதைப் போட்டாலும் கிழித்துவிடுவாள், அதனால் சின்னவளுக்கு எப்போதும் புதுசு. தன் பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அன்று காலை கிளம்பும்போது சின்னவள் கேமராவை இவள் கையில் கொடுத்து, “நீயே பாத்துடுக்கா. என் கண்ணைவிட உன் கண்ணு நல்ல கண்ணு” என்று வேறு சொல்லிவிட்டுப் போனாள்.

ஆறாவது பலகை மயில்நீலம். பழைய கேமராவில் நீலம் நீலமாகவே இருந்தது. புதியதில் அது பச்சையாகி, முகத்திலும் ஏறி, இவளைக் காமாலை கண்டவளாகக் காட்டியது. அதைப் பார்த்து அவள் சிரித்தாள். இரண்டு கேமராவிலும் பதிவானதை அழித்துவிட்டு முதலாளியிடம் போய் மயில்நீலம் என்றாள். மறுநாளே பெயிண்டர் வந்து இரண்டு கோட் அடித்துவிட்டுப் போனார்.

நிகழ்ச்சியன்று சின்னவள் எதையெதையோ திருகிப் பார்த்தாள். சுவரைச் சரிசெய்தால் டாக்டரம்மா செங்கல் நிறத்துக்குப் போனார், முகத்தைச் சரிசெய்தால் சுவர் பச்சையானது. அரை மணிதான் இருந்தது. பழசு ஒன்றே போதும், அதையே நடுவில் வையுங்கள் என்று முதலாளி அலுத்துக்கொண்டார். பெரியவளுக்கு உள்ளே குளுகுளுவென்றிருந்தது. வெட்கமே இல்லை என்று சொன்னால் பொய், இருந்தது, ஓரமாக.

சின்னவள் விடவில்லை. அன்றைக்கு எடுத்துப் பார்த்தது ஏதாவது இருக்குமா என்று பட்டனை அமுக்கினாள். புது கேமராவில் இரண்டு கார்டு, இரண்டிலும் ஒரே சமயத்தில் பதிவாகும். ஒரே கார்டை அழித்துப் பழகிய பெரியவளின் கைக்கு இரண்டாவது ஒன்று இருக்கும் என்று தோன்றியிருக்கவில்லை. சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான். சின்னவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பார்க்க ஆரம்பித்தாள். பெரியவள் பத்தடி தள்ளி நின்று தங்கையின் முகத்தைப் பார்த்தாள். முகம் பார்ப்பதுதானே அவள் பிழைப்பு; எந்தப் பலகை ஓடுகிறது என்று அவளால் சொல்ல முடிந்தது. சாம்பலில் புருவம் ஏறியது. மயில்நீலத்தில், அக்கா சிரிக்கும் இடத்தில், அது மெல்ல இறங்கியது.

என்ன ஆச்சு என்று முதலாளி கேட்டார்.

“ஒண்ணுமில்ல சார். என் கேமராவுக்கு இந்தக் கலர் ஒத்துக்கல. அக்காவே எடுக்கட்டும்.”

ஸ்டாண்டை மடித்து எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் போன சின்னவள், வழியில் இவளருகே நின்றாள். அவள் சண்டைக்கு வந்தால் சொல்ல இவளிடம் நாலு வார்த்தை தயாராக இருந்தது.

“சாம்பல் பலகைக்கு முன்னாடி நீ அழகா இருந்தேக்கா” என்றாள் சின்னவள். கதவு மூடியது.

சிவப்பு விளக்கு எரிந்தது. டாக்டரம்மா வணக்கம் சொன்னார். சுவர் அப்பழுக்கில்லாத நீலமாக இருந்தது. முகம் நடுவில், இவளுக்கு நேரே இருந்தது. தாவுவதற்கு இன்னொரு கேமரா இல்லாததால் முப்பது நிமிடமும் இவள் இம்மியும் அசைய முடியாது. வலது கண்ணைக் கேமராவில் வைத்திருந்தாள். மூட மறந்த இடது கண்ணில், தங்கையின் ஸ்டாண்டு நின்ற இடத்தைக் காட்டித் தரையில் ஒட்டியிருந்த மூன்று சாம்பல் நிற டேப் துண்டுகள் தெரிந்துகொண்டே இருந்தன.