தச்சர் வீட்டுத் தடுப்பு

கட்டட வரலாற்றுக்கென்றே நடக்கும் அந்த இணைய இதழை யார் வேண்டுமானாலும் காசு கட்டாமல் படிக்கலாம். அதைத் தொடங்கியவர்கள் இரண்டு பேர். ஒருவர் கல்லூரியில் கட்டட வரலாறு சொல்லித்தரும் டீச்சர். இன்னொருவர் அவருடன் படித்தவர், இதழின் ஆசிரியர். ஒரு காற்புள்ளிக்காக அரை நாள் சண்டை பிடிப்பார் என்பதால் நண்பர்கள் அவரைக் காற்புள்ளி என்றே கூப்பிட்டார்கள். வெளிநாட்டு இதழ் ஒன்றில் வந்த தன் கட்டுரையைத் தன் மாணவர்களாலேயே திறக்க முடியவில்லை என்று டீச்சருக்கு வந்த கோபம்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். “யாரோட வீட்டைப் பத்தி எழுதுறோமோ, அவங்க அதைப் படிக்க முடியணும்” என்று போகிற கூட்டத்திலெல்லாம் சொல்வார்.

ஐந்தாவது இதழுக்காக அவர் எடுத்துக்கொண்டது, அச்சகத் தொழிலாளர்களுக்காக அறுபது வருடங்களுக்கு முன் கட்டிய நான்கு மாடிக் குடியிருப்பு. கட்டியபோது எல்லா வீடும் ஒரே அச்சு. பிறகு வந்தவர்கள் இடித்தும் அடைத்தும் தங்கள் வசதிக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் அளவு நாடாவும் கையுமாக ஒன்றரை வருடம் அந்தப் படிகளில் ஏறி இறங்கினார்.

மூன்றாம் மாடியின் கோடி வீட்டில் அண்ணன் தம்பி இருவரும் குடும்பத்தோடு இருந்தார்கள். அண்ணன் தச்சர், தரைத்தளத்தில் பட்டறை. தம்பி பேருந்து ஓட்டுநர். கூடத்தின் குறுக்கே பலகைத் தடுப்பு ஒன்று நின்றது. டீச்சர் விரலால் தட்டினார். சத்தம் எழவில்லை.

“உள்ள என்ன வெச்சிருக்கீங்க?”

“பழைய மெத்தைப் பஞ்சு டீச்சர்” என்றார் தச்சரின் மனைவி. “எங்க அத்தை ஒரு வருஷம் இங்கதான் படுத்த படுக்கையா இருந்தாங்க. அப்ப இவர் அடிச்சது.”

ஓட்டுநரின் அண்ணியான அவர் சொன்னதையெல்லாம் டீச்சர் கைப்பேசியில் பதிந்துகொண்டார். ஒப்புதல் படிவத்தில் அண்ணி கையெழுத்துப் போட்டார். ஓட்டுநரை டீச்சர் பார்க்கவே இல்லை. போகும்போதெல்லாம் அவர் வேலையில் இருந்தார், அல்லது தூங்கிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு ஒருவர் சொன்னால் போதும் என்று டீச்சரும் விட்டுவிட்டார்.

கட்டுரையில் அந்த வீட்டுக்கு ஒரு வரைபடமும் ஒரு வரியும் கிடைத்தன. ‘படுக்கையில் இருந்த தாயின் குரல் இளைய மகனின் அறைக்குக் கேட்காதிருக்க, மூத்த மகன் பஞ்சு அடைத்த தடுப்பை எழுப்பினார்.’ பெயர் எதுவும் இல்லை. ஆனால் வரைபடத்தில் மாடியும் மூலையும் குறித்திருந்தன.

வெளியான மூன்றாம் மாதம், ஓட்டுநரின் மகள் கல்லூரி விண்ணப்பத்துக்காகக் குடியிருப்பின் பெயரை இணையத்தில் தேடினாள். “அப்பா, நம்ம வீடு வந்திருக்கு!” என்று கைப்பேசியோடு ஓடிவந்தவள்தான் அந்த வரியை அவருக்கு வாசித்துக் காட்டினாள்.

பத்து நாள் கழித்து ஓட்டுநர் காக்கிச் சட்டையோடு டீச்சரின் துறைக்கு வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

“அம்மாவுக்குச் சத்தம் ஆகாது, டாக்டர்தான் தடுப்பு போடச் சொன்னார்னு அண்ணன் சொன்னார். நானும் ஒரு வருஷம் வீட்டுக்குள்ள பூனை மாதிரி நடந்தேன். சாயங்காலம் போய்ப் பார்த்தா அம்மா தூங்கிட்டு இருப்பாங்க. நீங்க வேற மாதிரி எழுதியிருக்கீங்க. அம்மா என்னைக் கூப்பிட்டாங்களா?”

“கூப்பிட்டாங்கன்னு உங்க அண்ணி சொன்னாங்க.”

“தினமுமா?”

டீச்சருக்கு நினைவில்லை. ஓட்டுநர் தொப்பியை மடியில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

“நான் அண்ணனைக் கேட்டுட்டேன் டீச்சர். பெத்த தாயைப் பெட்டியில போட்டு ஆணி அடிச்சுட்டியேன்னு அவர் மூஞ்சிக்கு நேரா கேட்டேன். அவர் பதிலே சொல்லல. ஞாயித்துக்கிழமை வேற வீடு பார்த்துப் போயிட்டோம்.”

அவர் போனதும் டீச்சர் கதவைச் சாத்திக்கொண்டு பழைய பதிவைத் தேடி எடுத்தார். பின்னணியில் குக்கர் விசிலடிக்க, அண்ணியின் குரல் வந்தது.

“விடியறதுக்கு முன்னாடியே டிப்போவுக்குப் போற ஆளு டீச்சர். மத்தியானம்தான் கண்ணை மூடுவார். அவர் படுத்தாரோ இல்லையோ, அத்தை ‘சின்னவனே’ன்னு ஆரம்பிச்சுடுவாங்க. எழுந்து போய்க் கையைப் பிடிச்சுட்டு உக்காந்துடுவார். ஒரு நாள் ஓட்டும்போதே கண் அசந்து, வண்டி நடைபாதையில ஏறிடுச்சு. நல்லவேளை, யாருக்கும் ஒண்ணும் ஆகல. தூங்குன்னு சொன்னா கேக்கிற ஆளா? அதான் டாக்டர் பேரைச் சொன்னோம். அத்தை கூப்பிட்டா நான் ஜன்னல்ல கை காட்டுவேன். இவர் பட்டறையில இருந்து மூணு மாடி ஏறி வந்து, ‘சின்னவன் வந்திருக்கேம்மா’ன்னு கையைக் குடுப்பார். அத்தைக்குத்தான் கண்ணு தெரியாதே.”

இது முதல் வரைவில் இருந்தது. ‘குடும்ப விவரங்கள் கட்டட வரலாற்றுக்குத் தேவையா?’ என்று, வெளியாகும்முன் கட்டுரையைப் படித்துப் பார்த்த மதிப்பீட்டாளர் ஒருவர் கேட்டிருந்தார். டீச்சர் வாதாடவில்லை. பஞ்சை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டினார். இணைய இதழில் பக்கக் கணக்கே கிடையாது. இன்னும் பத்து வரி இருந்திருந்தால் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. கட்டுரையை ஏற்றுக்கொண்டால் போதும் என்று பழைய இதழ்களுக்கு எழுதிய காலத்துப் பயம்தான் வெட்டவைத்தது என்பது அவருக்கு இப்போதுதான் உறைத்தது.

மறுநாளே காற்புள்ளியிடம் போனார். “அந்தக் கட்டுரையை எடுத்துடு.”

“எடுக்க முடியாது. வெளியானதை அழிக்கக் கூடாதுன்னு விதி எழுதினதே நீதான்.”

“தெரியும். எடுத்துடு.”

“எடுத்தாலும் நாலு நூலகம் நகல் வெச்சிருக்கும். யார் யார் இறக்கி வெச்சிருக்காங்களோ! திருத்தம் போடலாம். பழையதும் பக்கத்துலயே இருக்கும்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “நானும்தான் படிச்சேன். ஒவ்வொரு புள்ளியும் பார்த்தேன். இதைக் கேக்கணும்னு தோணலயே” என்றார்.

பதிவை ஓட்டுநருக்குத் தர அண்ணியின் சம்மதம் வேண்டும். டீச்சர் மூன்று மாடி ஏறிப் போய் நடந்ததைச் சொன்னார். அண்ணி திட்டவில்லை.

“எல்லாத்தையும்தானே சொன்னேன். அதை மட்டும் ஏன் விட்டீங்க?”

“தேவையில்லைன்னு நினைச்சுட்டேன்.”

“யாருக்குத் தேவையில்ல?” என்று கேட்டார் அண்ணி. “குடுங்க. அவர் கேக்கட்டும்.”

ஓட்டுநர் டீச்சரின் அறையில் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு பதிவைக் கேட்டார். முடிந்ததும் மறுபடி கேட்டார். டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

“தெரிஞ்சிருந்தா நான் தூங்கியே இருக்க மாட்டேன்” என்றார் ஓட்டுநர். “அண்ணனுக்கு அது தெரியும்.”

அங்கிருந்து நேராகப் பட்டறைக்குப் போயிருக்கிறார். பிறகு நடந்ததை அண்ணிதான் சொன்னார். தம்பி மன்னிப்புக் கேட்டபோது தச்சர் இழைப்புளியைக் கீழே வைத்தார், “சரி” என்றார், மறுபடி கையில் எடுத்தார். அவ்வளவுதான். தம்பியும் பழைய வீட்டுக்குத் திரும்பி வரவில்லை. நல்லது கெட்டதுக்குப் பார்த்துக்கொள்கிறார்கள். பேச்சு, கேட்டதற்குப் பதில் என்ற அளவில் நிற்கிறது.

திருத்திய கட்டுரை அடுத்த மாதம் வந்தது. அண்ணி சொன்னது சொன்னபடியே, ஓட்டுநரின் ஒப்புதலோடு அதில் இருந்தது. அதை நாற்பது பேர்கூடத் திறக்கவில்லை. பழையதை இரண்டாயிரம் பேர் இறக்கியிருந்தார்கள். அந்த ஒற்றை வரியை எடுத்துக்காட்டி, கூட்டுக் குடும்பங்களின் கல்நெஞ்சைப் பற்றி வெளிநாட்டுக்காரர் ஒருவர் புத்தகமே போட்டுவிட்டார். டீச்சர் அவருக்கு எழுதினார். மிகவும் வருந்துவதாகவும், அடுத்த பதிப்பு வந்தால் பார்ப்பதாகவும் பதில் வந்தது.

திருத்திய கட்டுரையை அச்செடுத்துக்கொண்டு டீச்சர் அந்த வீட்டுக்குப் போனார். அண்ணி வாசலில் நின்றபடியே வாங்கி, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஒரு எழுத்து விடாமல் படித்தார்.

“நல்லா இருக்கு” என்றார். “இதையும் எல்லாரும் படிக்கலாமா?”

“படிக்கலாம்.”

“முன்ன எழுதினது போன இடத்துக்கெல்லாம் இதுவும் போகுமா?”

போகாது என்று டீச்சர் தலையாட்டினார். அண்ணி தாளை நான்காக மடித்துக்கொண்டு, அடுப்பில் வேலை இருக்கிறது என்று உள்ளே போனார்.