பீப்பாய்க்கு ஒரு ஃபிரிட்ஜ்

பீப்பாயின் வயிற்றில் ஒட்டியிருந்த வெப்பமானிப் பட்டை இருபத்து நான்கு காட்டியது. காலையில் பார்த்தபோது இருபத்தொன்று. ராட்னி ஈரத்துண்டை மறுபடி நனைத்துப் பீப்பாயைச் சுற்றினான். சுற்றி முடிப்பதற்குள் முதலில் சுற்றிய பக்கம் காயத் தொடங்கியது. ஷெட்டின் தகரக் கூரை வெயிலில் முறுக்கிக்கொண்டு சத்தம் போட்டது. ரென்மார்க் ஊரில் அன்று நாற்பத்து மூன்று டிகிரி. ஆற்றங்கரை யூக்கலிப்டஸ் மரங்களில் கொக்கட்டூக் கிளிகள்கூட வாயை மூடிக்கொண்டிருந்தன.

முந்தின நாள் சாயங்காலம் தெற்கிலிருந்து குளிர்காற்று வரும் என்று வானொலி அடித்துச் சொன்னது. அதை நம்பித்தான் ராட்னி பியருக்காக முளைகட்டிய பார்லியின் மால்ட் கஷாயத்தைக் காய்ச்சி ஆற்றி, பீப்பாயில் ஊற்றி, ஈஸ்டைத் தூவினான். குளிர்காற்று வரவில்லை. ஈஸ்டோ விழித்துக்கொண்டுவிட்டது. மூடியில் செருகிய வளைகுழாயில் தண்ணீர் குபுக் குபுக்கென்று குமிழிட்டபடி இருந்தது. இனி அதை நிறுத்த முடியாது. பதினெட்டு, இருபது டிகிரியில் வைத்தால் ஈஸ்ட் சாதுவாக வேலை செய்யும். சூடு ஏறினால் அதற்குப் பித்துப் பிடித்துவிடும். பியரில் நகப்பூச்சு அழிக்கிற திரவத்தின் நாற்றம் வந்துவிடும். இருபத்தெட்டைத் தாண்டினால் கதை முடிந்தது.

டிசம்பர் கோடையில் போட்ட முதல் பீப்பாய்க்கு அதுதான் நடந்தது. எல்லாவற்றையும் எலுமிச்சை மரத்தடியில் கொட்டினான். இது இரண்டாவது. மூன்றாவது போட நாள் இல்லை. புளித்து அடங்கி, பாட்டிலில் அடைத்து, அதற்குள் நுரை பிடித்து முடிவதற்கும் மகள் பிரையனியின் கல்யாணத்துக்கும் சரியாக இருக்கும்.

மண்டபம், விருந்து, உடை எல்லாமே பிரையனியின் அம்மா ஜெனினும் அவளுடைய இரண்டாவது கணவன் டெஸ்ஸும் பார்த்துக்கொண்டார்கள். "அப்பா, நீ வேற எதுவும் செய்ய வேணாம். பியர் மட்டும் நீ போட்டுக் குடு. எனக்கு உன் பியர்தான் வேணும்" என்று பிரையனி சொல்லியிருந்தாள். ராட்னியிடம் ஒருத்தர் ஒன்றைக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

வெளியே வண்டி வந்து நின்றது. டெஸ் இறங்கினான். அரைக்கால் சட்டை, தூசி படிந்த பூட்ஸ், கையில் ஒரு சாம்பல்நிறப் பெட்டி.

"மாப்ள! உயிரோட இருக்கியா? உள்ள அடுப்பு மாதிரி இருக்கே."

டெஸ் யாரைப் பார்த்தாலும் மாப்ள என்பான். தபால்காரர், மருத்துவர், நாய், எல்லாரும் அவனுக்கு மாப்ளதான். ராட்னிக்கு ஒவ்வொரு தடவையும் பல் கூசும்.

"நீ எதுக்கு வந்தே?"

"பிரையனி அனுப்பினா. கன்ட்ரோலரை நீயே வயர் பண்ணப் போறேன்னு சொன்னியாம். லைசென்ஸ் இல்லாம மின்சாரத்துல கை வைக்காதேன்னு சட்டம் சொல்லுது. கல்யாணத்துக்கு முன்னாடி கருமாதி வேணாம்னு உம்பொண்ணு சொல்றா. இந்தா, பண்ணிக் கொண்டுவந்துட்டேன்."

ராட்னி பெட்டியை வாங்கிப் பார்த்தான். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. ஃபிரிட்ஜின் பிளக்கை இந்தப் பெட்டியில் செருக வேண்டும். பெட்டியிலிருந்து மெல்லிய ஒயர் ஒன்று நீண்டிருந்தது. அதன் முனையில் பட்டாணி அளவு சென்சார். அதைப் பீப்பாயின் மேல் ஒட்டிவிட்டால், சூடு ஏறும்போது பெட்டி ஃபிரிட்ஜை ஓடவிடும், ஆறியதும் நிறுத்திவிடும்.

ஃபிரிட்ஜ் ஷெட்டின் மூலையில் நின்றது. பழைய சாமான் கடையில் வாங்கிய காப்பிநிறக் குட்டி ஃபிரிட்ஜ். தட்டுகளை எடுத்தாயிற்று. கதவின் உட்பக்கத் தட்டுகளை வெட்டி எறிந்து, அங்கே பலகை அடித்தாயிற்று. பீப்பாய் கனகச்சிதமாக உள்ளே நிற்கும். ஒயர் உள்ளே போகப் பக்கச் சுவரில் ஒரு துளை மட்டும்தான் பாக்கி.

"துளை எதுக்கு?" என்றான் டெஸ். "தம்மாத்தூண்டு ஒயரு. கதவு ரப்பர் இடுக்குல விட்டு மூடிடேன். போதுமே."

"அது அரைகுறை வேலை."

"வேலை செய்யுமில்ல?"

"அரைகுறைன்னு சொன்னேன்."

அந்தச் சொல் எங்கிருந்து வருகிறது என்று டெஸ்ஸுக்குத் தெரியும். ஜெனின் விட்டுப்போன நாளில் ராட்னியின் முகத்துக்கு நேராகச் சொன்ன சொல் அது. பாதி கட்டிய படகு, பாதி பூசிய சமையலறை, பாதியில் நின்ற எல்லாவற்றையும் அவள் அன்றைக்கு விரல்விட்டு எண்ணிக் காட்டியிருந்தாள்.

பட்டை இப்போது இருபத்தைந்து காட்டியது.

ஃபிரிட்ஜின் சுவரைக் கண்ணை மூடிக்கொண்டு துளைக்க முடியாது. தகட்டுக்குப் பின்னால் எங்கோ வாயு ஓடும் மெல்லிய குழாய்கள் வளைந்து வளைந்து போகும். அதில் துளை விழுந்தால் ஃபிரிட்ஜ் வெறும் அலமாரி. பியர் போடுகிறவர்களிடையே இதற்கு ஒரு வழி உண்டு. சோளமாவை வோட்காவில் குழைத்துச் சுவரில் பூசிவிட்டு ஃபிரிட்ஜை ஓடவிடுவார்கள். குழாய் போகிற இடம் சூடாக இருக்கும். அங்கே மாவு முதலில் காய்ந்து வெள்ளைக் கோடாகத் தெரியும். கோட்டைத் தவிர்த்துவிட்டுத் துளைக்கலாம்.

ராட்னி மாவைக் குழைத்துப் பூசினான். கம்ப்ரசர் உறுமத் தொடங்கியது. இருவரும் குந்தி உட்கார்ந்து சுவரைப் பார்த்தார்கள். ராட்னியின் மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டியது.

கீழ்ப்பக்கம் ஒரு வெள்ளைத் திட்டு தோன்றியது. பிறகு மேலே ஒன்று. பிறகு நடுவில். கோடாக எதுவும் வரவில்லை. அம்மை போட்டதுபோலச் சுவர் முழுக்கத் திட்டுத்திட்டாக வெளுத்தது.

"மாப்ள, இது சரியில்ல" என்றான் டெஸ். "இந்த வெயில்ல மாவு தன்னால காயுது. குழாய்ச் சூட்டுக்கும் கொட்டகைச் சூட்டுக்கும் வித்தியாசமே இல்ல. பொழுது சாயட்டும்."

"பொழுது சாயுற வரைக்கும் இது காத்திருக்குமா?" ராட்னி பீப்பாயைக் காட்டினான். குமிழ்கள் இப்போது ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வந்தன.

"அப்ப ரப்பர் இடுக்குல விடு."

"அதோ பாரு, அந்த இடம் இன்னும் ஈரமா இருக்கு. அங்க குழாய் இல்ல."

"நீ அங்க கெட்டியா பூசியிருக்கே. அதான் காயல."

ராட்னி டிரில்லை எடுத்தான். "தள்ளி நில்லுங்க, எலக்ட்ரீஷியன் ஐயா."

டெஸ் முனகிக்கொண்டே போய் ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினான். தகடு கிறீச்சிட்டது. சுருள் சுருளாக உலோகச் சீவல் விழுந்தது. தகட்டைத் தாண்டி டிரில் மெத்தென்று நுரைக்குள் இறங்கியது. ராட்னி மூச்சை விட்டான். இன்னும் கொஞ்சம் அழுத்தினான்.

உஸ்ஸ்ஸ் என்றது.

பாம்பைக் கண்டவன்போல ராட்னி கையை இழுத்துக்கொண்டான். துளையிலிருந்து எண்ணெய் வாடையோடு காற்று சீறியது. டெஸ் ஓடிப்போய் ஷெட்டின் பெரிய கதவைத் திறந்துவிட்டான். "வெளிய வா! தீக்குச்சி எதையும் தொடாதே!"

இருவரும் வெயிலில் நின்றார்கள். சீறல் மெலிந்து, விசிலாகி, ஒன்றுமில்லாமல் போயிற்று.

அந்த நேரம் பார்த்து ராட்னியின் சட்டைப்பையில் ஃபோன் அடித்தது. பிரையனி.

"அப்பா, டெஸ் வந்தானா? எல்லாம் சரியா போகுதா? சண்டை கிண்டை போடலயே?"

"அதெல்லாம் நல்லா போகுதும்மா. கிட்டத்தட்ட முடிஞ்சாச்சு."

ஃபோனை வைத்தபோது டெஸ் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். கிட்டத்தட்ட முடிந்துதான் போயிருந்தது. ராட்னி உள்ளே போய் இன்னொரு துண்டை நனைத்தான். பட்டையில் இருபத்தைந்தும் இருபத்தாறும் சேர்ந்து மின்னின. சமையலறை ஃபிரிட்ஜில் பீப்பாய் நுழையாது. வாடகை வீட்டின் குளிரூட்டி கிறிஸ்துமஸோடு செத்துப்போயிருந்தது. கைவசம் இருந்த பனிக்கட்டியெல்லாம் மத்தியானத்துக்கு முன்பே கரைந்துவிட்டது.

"எங்க வீட்டுல ஏசி ஓடுது" என்றான் டெஸ் மெதுவாக.

"ஏசி பத்தாது. அறை குளிர்ந்தாலும் பீப்பாய் உள்ளுக்குள்ள கொதிக்கும். ஈஸ்ட் தானே சூடு கிளப்பும்."

"கராஜ்ல ஒரு ஃபிரிட்ஜ் இருக்கு. இதைவிட ஒரு சாண் உயரம். தூண்டில் இரைக்கு வச்சிருக்கேன்."

"யாரோட ஃபிரிட்ஜ்?"

டெஸ் கழுத்தைச் சொறிந்தான். "ஜெனினோடது. அவ பிறந்தநாளுக்கு வாங்கினது. நான்தான் இரையை வச்சு அசிங்கம் பண்ணிட்டேன்."

ராட்னி அந்த வீட்டு வாசற்படியை ஒரு நாளும் மிதித்ததில்லை. சின்னப் பெண்ணாயிருந்த பிரையனியைக் கூட்டிப்போக வந்த காலத்தில்கூடத் தெருவில் வண்டியை நிறுத்தி ஹார்ன்தான் அடிப்பான். இப்போது மூடியின் வளைகுழாய் குடுகுடுவென்று ஓசையிட்டது. கொதிக்கிற கெட்டில் போல.

"அந்தப் பக்கம் பிடி" என்றான் ராட்னி.

ஆளுக்கொரு பக்கமாகப் பீப்பாயைத் தூக்கி வண்டியின் பின்சீட்டில் வைத்து, குழந்தைக்குப் போடுவதுபோலப் பெல்ட் போட்டார்கள். ராட்னி கன்ட்ரோலர் பெட்டியை மடியில் வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பீப்பாயைக் கட்டிக்கொண்டான். டெஸ் ஏசியை முழுதாகத் திருகிவிட்டான். பள்ளத்தில் வண்டி குதித்தபோதெல்லாம் வளைகுழாய்த் தண்ணீர் எம்பியது.

"மெதுவா போடா!"

"மெதுவா போனா சூடு. வேகமா போனா குலுக்கல். எது வேணும்னு சொல்லு, மாப்ள."

ராட்னி பீப்பாயை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டான். அந்த 'மாப்ள'வுக்கு இந்தமுறை பல் கூசவில்லை.

ஜெனின் கராஜ் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கண்ணாடி நெற்றியில் ஏறியிருந்தது. விருந்தினர் அமரும் வரிசையை எழுதிக்கொண்டிருந்தவள் போல, காதோரம் பென்சில். பீப்பாயை, ஈரத்துண்டை, ராட்னியின் மாவுக் கைகளை வரிசையாகப் பார்த்தாள்.

"என்ன ஆச்சு?"

டெஸ் வாயைத் திறந்தான். அதற்குள் ராட்னி சொன்னான்: "ஃபிரிட்ஜைத் துளைச்சுக் கொன்னுட்டேன். டெஸ் வேணாம்னு சொன்னான். நான் கேக்கல."

ஜெனின் கண்ணாடியை இறக்கி மூக்கில் மாட்டிக்கொண்டாள். அவன் இப்படி ஒரு வாக்கியம் பேசி அவள் கேட்டதில்லை.

டெஸ் இரைக்கு வைத்திருந்த கணவாய்ப் பொட்டலங்களை வாரிக்கொண்டு ஓடினான். தட்டுகளை உருவினார்கள். பீப்பாயை உள்ளே இறக்கினார்கள். நின்றது. ராட்னி சென்சாரைப் பீப்பாயின் பக்கவாட்டில் வைத்து, மேலே பஞ்சை மடித்து அழுத்தி, டேப் ஒட்டினான். வெறும் காற்றில் தொங்கவிட்டால் அது காற்றின் சூட்டைத்தான் சொல்லும், பியரின் சூட்டைச் சொல்லாது. ஒயரைக் கதவு ரப்பரின் இடுக்கில் வைத்துக் கதவைத் தள்ளினான்.

கதவு மூடவில்லை. உட்பக்கத்தில் முட்டைக்கும் பாட்டிலுக்கும் என்று வார்த்திருந்த தட்டுகள் பீப்பாயை முட்டின. இரண்டு விரல் இடைவெளி. மறுபடி தள்ளினான். பீப்பாய் லேசாக முனகியது.

"கயிறு போட்டு இறுக்கிக் கட்டிடலாமா?" என்றான் டெஸ்.

"இடைவெளி இருந்தா குளிர் நிக்காது. மோட்டார் ஓடி ஓடிச் சாகும்."

பட்டை தெளிவாக இருபத்தாறு காட்டியது. அதற்கு மேலே இருபத்தெட்டு இன்னும் இருட்டாக இருந்தது. தட்டுகளை வெட்டினால் கதவு மூடும். அவனுடைய காப்பிநிற ஃபிரிட்ஜில் கண்ணை மூடிக்கொண்டு வெட்டியிருந்தான். இது புதுசு. இரை வாடை அடித்தாலும் உள்ளே வெள்ளை வெளேரென்று கீறல் இல்லாமல் இருந்தது.

டெஸ் ஜெனினைப் பார்த்தான். ஜெனின் ராட்னியைப் பார்த்தாள். யாரும் அவனுக்காகக் கேட்கப் போவதில்லை என்று ராட்னிக்குப் புரிந்தது.

"ஜெனின், இந்தக் கதவுத் தட்டை வெட்டணும். வெட்டினா திரும்ப ஒட்ட முடியாது. உன் ஃபிரிட்ஜ். வேணாம்னு நீ சொன்னா பீப்பாயைத் தூக்கிட்டுப் போயிடறேன். பிரையனிகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

ஜெனின் வீட்டுக்குள் போனாள். ராட்னி குனிந்து பீப்பாயின் அடியில் கை கொடுத்தான், தூக்குவதற்கு. அவள் ரொட்டி அறுக்கும் நீளக் கத்தியோடு திரும்பி வந்தாள்.

"தள்ளு. நீ வெட்டினா கோணலா போகும்."

முழங்காலிட்டு உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு அறுத்தாள். பிளாஸ்டிக் கதறியது. வெள்ளைத் துகள்கள் அவள் கறுப்புச் சட்டை முழுக்கப் பறந்தன. பாதியில் கத்தி சிக்கியது. டெஸ் தட்டைப் பிடித்து இழுத்தான். ராட்னி கதவைத் தாங்கினான். படாரென்று தட்டு கழன்று மூலையில் போய் விழுந்தது. ராட்னி கதவைத் தள்ளினான். ரப்பர் உதடு ஒயரைக் கவ்விக்கொண்டு, 'சப்' என்று மூடியது.

டெஸ் பெட்டியில் பிளக்கைச் செருகினான். சிவப்பு எண் எரிந்தது: இருபத்தாறு புள்ளி நான்கு. கம்ப்ரசர் உடனே ஓடவில்லை. மூவரும் ஃபிரிட்ஜின் பக்கம் காதைக் கொடுத்தார்கள்.

"கொஞ்சம் தாமதம் வச்சிருக்கேன், மோட்டாருக்கு நல்லது" என்றான் டெஸ், தன் குரலையே நம்பாதவன்போல.

பிறகு ஃபிரிட்ஜ் உறுமியது.

தரையில் உட்கார்ந்து எண்ணையே பார்த்தார்கள். இருபத்தாறு புள்ளி ஐந்துக்கு ஏறியது. ராட்னி கண்ணை மூடிக்கொண்டான். ஐந்திலேயே வெகுநேரம் நின்றது. டெஸ் கொண்டுவந்த குளிர்ந்த எலுமிச்சைச் சாற்றைக் குடித்து முடித்தபோது ஜெனின் முழங்கையால் ராட்னியை இடித்தாள். மூன்று. அப்புறம் ஒன்று. ஆள் இறங்குவதுபோல ஒவ்வொரு படியாக எண் இறங்கியது.

அன்றிலிருந்து ராட்னி தினம் வேலை முடிந்து அந்தக் கராஜுக்கு வந்தான். முதலில் வேலியோரம் நின்று கூப்பிட்டான். பிறகு கூப்பிடுவதை விட்டுவிட்டுக் கதவைத் தட்டினான். குமிழ்கள் அடங்கி, வளைகுழாயில் தண்ணீர் அசையாமல் நின்ற நாளில், பீப்பாயின் குழாயைத் திறந்து ஒரு கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் பிடித்தான். கலங்கல் தேன் நிறம். முகர்ந்தான். முகத்தில் எதையும் காட்டாமல் ஜெனினிடம் நீட்டினான். அவளுக்குப் பொய் சொல்ல வராது.

அவள் முகர்ந்தாள். ஒரு மிடறு குடித்தாள். வாயிலேயே வைத்திருந்து விழுங்கினாள்.

"நகப்பூச்சு நாத்தம் இல்ல."

"இல்ல."

"ஆனா வாழைப்பழம் மாதிரி ஒரு வாசனை வருது."

"முதல் நாள் சூடு. அது போகாது" என்றான் ராட்னி. "பிரையனிகிட்டயும் சொல்லணும்."

ஜெனின் குவளையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மீதி இருந்ததையும் குடித்துவிட்டுக் குவளையை அவனிடம் நீட்டினாள். "சொல்லிக்கலாம். இன்னும் கொஞ்சம் பிடி. டெஸ்ஸுக்கும் ஒண்ணு. அப்புறம் நீ பாட்டிலையெல்லாம் இங்கயே கொண்டு வந்துடு. உன் வீட்டுல கழுவினா பாதிதான் கழுவுவே."

ராட்னி குனிந்து குழாயைத் திறந்தான்.