கடலுக்கு நடுவே ஒரு பேரீச்சந்தோப்பு

நான்கு நாளாகத் துறையில் ஒரு படகும் அசையவில்லை. தேடுதல் முடியும்வரை அசையக் கூடாதென்று உத்தரவு. கெர்க்கெனாத் தீவின் மீனவர்கள் மொத்தப் பேரும் ஹமூதாவின் தேநீர்க்கடையில் உட்கார்ந்து சீட்டாடினார்கள். ஆடிய ஆட்டத்தில் சீட்டிலிருந்த ராஜாக்களின் மீசையே தேய்ந்துவிட்டது. பூராவி மட்டும் ஆடவில்லை. மூலையில் குந்தி, மீன் விழும் கூடை ஒன்றைப் பேரீச்ச ஓலையில் முடைந்துகொண்டிருந்தான். விரல்கள் தாமாக ஓடின; காது மட்டும் வானொலிப் பக்கம் இருந்தது.

கூரைத் தகரம் கடகடவென்று அதிர ஒரு ஹெலிகாப்டர் போயிற்று. அன்றைக்கு அது பதினொன்றாவது தடவை. தலைநகரிலிருந்து இரண்டு கப்பல், கடலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு விமானம், படம் பிடிக்க மூன்று வண்டி. எல்லாம் ஒரே ஒருவருக்காக. பெயர் அர்விட், சுவீடன்காரர், வயது அறுபத்தெட்டு, ஓய்வுபெற்ற தபால்காரர். பாய்மரப் படகில் தன்னந்தனியாகக் கடல் சுற்றக் கிளம்பியவர் எங்கேயோ தொலைந்துவிட்டார்.

"என் மச்சான் காணாமப் போனப்ப தேடி வந்தது ஒரே ஒரு கடற்காக்காதான்," என்றான் ஹமூதா. "அதுவும் மீன் தேடித்தான் வந்துச்சு."

கடையே குலுங்கிச் சிரித்தது. ஹமூதாவும் சிரித்தபடி தேநீரை ஊற்றினான்; பாதி தட்டில் விழுந்தது.

அந்த நேரம் தேடுதலை நடத்தும் பெரிய அதிகாரி உள்ளே வந்தார். சட்டையில் இருந்த மடிப்பில் வெங்காயம் நறுக்கலாம். கையில் ஒரு தாள்.

"அவர் வானொலியில கடைசியாச் சொன்னது இது. பாதி கேக்கல. கேட்டதைப் படிக்கிறேன். 'படகு தரை தட்டிவிட்டது. கடலுக்கு நடுவில் பேரீச்சந்தோப்பு. நான் நடந்துகொண்டிருக்கிறேன்.'" தாளை மடித்தார். "தாகம் மூளையைத் தாக்கிருச்சுன்னு டாக்டருங்க சொல்றாங்க. அப்படின்னா ஆழ்கடல்லதான் இருக்கணும். கிழக்கே அறுபது மைல்ல தேடிட்டிருக்கோம்."

பூராவியின் விரல்கள் நின்றன.

தீவுக்காரனுக்கு அதில் என்ன புதிர்? இங்கே கடலென்பது பாதிக்கு மேல் முழங்காலளவுதான். அதில் பேரீச்ச மட்டைகளை வரிசையாக நட்டு வேலி கட்டுவார்கள்; தெரியாதவர் கண்ணுக்கு அது தோப்பு. நீர் வற்றும்போது மீன் வேலியோரமாகவே வந்து கூடையில் விழும். ஆனால் வேலியெல்லாம் கரையோரம், ஏலம் எடுத்த இடங்களில். கடலுக்கு நடுவில் வேலி வைத்திருந்தது ஒரே ஆள்தான், பூராவி. அவன் தாத்தா காலத்துக் கரையோர இடத்துக்குப் பத்திரம் எங்கே என்று அலுவலகத்தில் கேட்டார்கள்; பத்திரத்தைக் கரையான் தின்றிருந்தது. தாள் இல்லையென்றால் கடலும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதனால் யார் கண்ணிலும் படாத கழுதைமுதுகு என்ற மணல்திட்டில் பூராவி வேலி நட்டு ஆறு வருஷம். அவனுக்கும் பெண்டாட்டி ஷத்லியாவுக்கும் சோறு அதுதான். தெரிந்தால் அன்றைக்கே பிடுங்கிவிடுவார்கள்.

"எதுக்கும் கேக்கறேன், நடுக்கடல்ல யாராவது வேலி வச்சிருக்கீங்களா?" என்றார் அதிகாரி.

"இல்லவே இல்ல!" என்றது கடை, ஒரே குரலில். பள்ளிவாசலில்கூட அத்தனை ஒழுங்காக ஆமீன் சொன்னதில்லை. அத்தனை பேரும் அந்த வேலி மீனைத் தின்றவர்கள்.

பூராவி வீட்டுக்கு ஓடினான். வாசலில் ஷத்லியா கணவாயைக் கல்லில் அறைந்துகொண்டிருந்தாள். அவள் அறைந்தால் கணவாய் பஞ்சாகும், கல் மாவாகும்.

"அந்த வெள்ளைக்காரக் கெழவன் நம்ம வேலியிலதான்டி மாட்டியிருக்கான்."

"அப்போ இங்க என்ன பண்ற? போய்ச் சொல்லு."

"சொன்னா வேலி போயிரும்."

"சொல்லலேன்னா ஆளு போயிருவாரு."

"படகை எடுக்கக் கூடாதுன்னு உத்தரவுடி!"

ஷத்லியா கணவாயை வாளியில் போட்டு நிமிர்ந்தாள். "ஏ மனுசா, படகுக்குத்தானே உத்தரவு? காலுக்குமா போட்டிருக்காங்க? இப்ப நீர் வத்துற நேரம். நடந்தே போய்க் கூட்டிட்டு வருவோம். கரையில கெடந்தாருன்னு சொல்லிக்கலாம். உனக்கு மூளை எங்கேயோ தொலைஞ்சிருச்சு, அதையும் சேர்த்துத் தேடச் சொல்லு."

உலகத்திலேயே கடலில் காணாமல் போனவரைத் தேடி நடந்து போன தேடுதல் படை இவர்கள் இருவர்தான். தலையில் ரொட்டி மூட்டை, தோளில் தண்ணீர்க் குடுவை, இடுப்பில் மிளகாய் விழுது. "நாலு நாளாப் பச்சை மீனைத் தின்னிருப்பாரு, நாக்கு செத்திருக்கும்," என்றாள் ஷத்லியா. இரண்டு மணி நேர நடை. ஓரிடத்தில் வாய்க்கால் கழுத்தளவு வந்தது. பூராவி ரொட்டியைத் தூக்கிப் பிடித்தான். குள்ளச்சியான ஷத்லியா அவன் முதுகில் தொற்றிக்கொண்டு, வழி முழுக்க அவன் நடையைக் குறை சொன்னாள். மேலே ஹெலிகாப்டர் அவர்களைத் தாண்டிக் கிழக்கே விரைந்தது.

கழுதைமுதுகில் பாய்மரப் படகு ஒருக்களித்துப் படுத்திருந்தது, வயிறு நிறைந்த ஆடு போல. வேலியின் நடுவில் பெரிய பிளவு. முழங்கால் நீரில், தலையில் துண்டு கட்டிக்கொண்டு, சிவந்த கிழவர் ஒருவர் விழுந்த மட்டைகளை மும்முரமாக நட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் தலைகீழாக.

"யா அல்லாஹ், ஓலையக் கீழ வச்சு நடுறாரே!" என்று பூராவி தலையில் அடித்துக்கொண்டான்.

அர்விட் இருவரையும் கட்டிப்பிடித்து அழுதார், சிரித்தார், மறுபடி அழுதார். பிறகு கூடையைக் காட்டி வயிற்றைத் தடவினார். ஒரு நாளைக்கு மூன்று வேளை மீன். தாகத்துக்குப் படகில் தண்ணீர் இருந்தது. காணாமல் போனதில் இரண்டு கிலோ கூடியிருந்தார். மிளகாய் விழுதை ஒரு கரண்டி வாயில் போட்டு, "ஹா!" என்று கத்தி வேலியை இரண்டு சுற்று ஓடிவிட்டு, இன்னொரு கரண்டி கேட்டார்.

கிளம்புமுன் ஷத்லியா அவர் முன்னால் நின்றாள். வேலியைக் காட்டினாள். உதட்டில் விரலை வைத்தாள். "உஷ்ஷ்ஷ்."

அர்விட் கண்களை மூடிக் காற்றை உள்ளிழுத்தார். மார்பில் கை வைத்தார். "உஷ்ஷ்ஷ்," என்றார் உருகிப்போய்.

"புரிஞ்சிருச்சு," என்றாள் ஷத்லியா.

கரையேறியபோது தீவே திரண்டிருந்தது. மத்தளம், குலவை, யாரோ ஒருவரின் கல்யாணக் கொம்பு. கண்ணெட்டும் தூரத்திலேயே யாரோ பார்த்துவிட்டார்கள்: கடல்மேல் மூன்று பேர் நடந்து வருகிறார்கள்! ஹமூதா கடையிலிருந்த சர்க்கரை முழுவதையும் ஒரே அண்டாவில் கொட்டித் தேநீர் போட்டான். அதிகாரி பூராவியின் இரு கன்னத்திலும் முத்தமிட்டார். படம் பிடிப்பவர்கள் முண்டியடித்தார்கள்.

அர்விட் ஒரு பெட்டிமேல் ஏறினார். மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னார்.

"நான் உயிரோடு இருப்பது இந்த இருவர் கட்டிய வேலியால். நான்கு நாளும் அவர்கள் மீன்தான் எனக்குச் சோறு. அந்த இடத்தின் பெரும் அமைதியைக் கேட்கும்படி இந்த அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்த இடத்தை உலகம் அறிய வேண்டும்."

அதிகாரியின் வரைபடத்தை வாங்கி, சிவப்புப் பேனாவால் கழுதைமுதுகுமேல் அழகாக ஒரு வட்டம் போட்டார். கூட்டம் கைதட்டியது. பாதிக் கைதட்டலில் தீவுக்காரர்கள் மட்டும் நிறுத்திக்கொண்டார்கள்.

அதிகாரி வட்டத்தைப் பார்த்தார். சிரிப்பு மாறவேயில்லை.

"இதுக்கு அபராதம் உண்டு," என்றார் பூராவியின் தோளில் கை போட்டு. "ஆனா நீங்க வீரர். மேலிடத்துல பேசித் தள்ளுபடி பண்ணிட்டேன்னு வச்சுக்குங்க. வேலியை எடுத்தாகணும். அது நடுவுல நின்னா அவர் படகையும் இழுக்க முடியாது. நாளைக்குக் காலையில வாங்க. நட்டது நீங்கதானே, உங்களுக்குச் சுலபம்."

"நன்றிய்யா," என்றான் பூராவி.

அன்று மாலை கணவாய் போட்ட கூஸ்கூஸ் ரவைச் சோற்றை ஊரே தின்றது. அர்விட் நான்கு தட்டு தின்றார். ஷத்லியாவோடு ஆடினார். அவர் மிதித்த மிதியில் தன் கால் செருப்பில் ஒரு அளவு பெரிதாகிவிட்டதென்று அவள் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாள்.

காலையில் நீர் ஏறியிருந்தது. ரோந்துப் படகு கழுதைமுதுகின் ஓரம் நின்றது. இடுப்பளவு நீரில் இருவரும் மட்டைகளை ஒவ்வொன்றாக ஆட்டி, திருகி, உருவினார்கள். காவலர்கள் வாங்கி அடுக்கினார்கள். ஆறு வருஷ மட்டை; அடியில் சிப்பி பிடித்திருந்தது. உள்ளங்கை கிழிந்தது.

"மெதுவா இழு மனுசா," என்றாள் ஷத்லியா. "ஒடைச்சிராத." சொல்லிவிட்டு எதற்கு என்று தனக்கே தெரியாமல் சிரித்துவிட்டாள். பூராவிக்கும் சிரிப்பு வந்தது.

கயிறு கட்டி இழுத்ததும் அர்விட்டின் படகு நிமிர்ந்து மிதந்தது. பாய் விரிந்தது. வேலி நின்ற இடத்தின் ஊடாக, தடையேதும் இல்லாத நீரில், அது அவர்களைக் கடந்து போயிற்று. அவர் ஊதுகுழலை மூன்று முறை ஊதினார். தொப்பியைக் கழற்றி ஆட்டினார், முகமெல்லாம் சிரிப்பாக.

இருவரும் பதிலுக்குக் கையசைத்தார்கள். கை வெறுமையாக இல்லாததால் பிடுங்கிய மட்டையையே உயர்த்தி, ஓலையிலிருந்து நீர் சொட்டச் சொட்ட, அவர் கண்ணுக்கு மறையும்வரை ஆட்டிக்கொண்டு நின்றார்கள்.