ஸ்தாத்திஸை எடுக்கும் சனிக்கிழமை

எங்கள் சொந்த ஊரான ராப்சானியில் சனிக்கிழமைக்கு ஓர் அறை கேட்டு ஒவ்வொரு விடுதியாகப் போன் போட்டு எனக்கு வாய் வறண்டுவிட்டது. எல்லாம் நிரம்பிவிட்டதாம். வைன் ருசி பார்க்க ஏதென்ஸிலிருந்து கூட்டம் வருகிறதாம். கடைசியாகப் பேசிய பெண், "நீங்களும் ருசி பார்க்கத்தானே வர்றீங்க?" என்று குழைந்தாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"இல்லம்மா. என் தம்பியோட எலும்பக் கழுவ வர்றோம்."

"ஆண்டவர் அவர மன்னிக்கட்டும்" என்று செத்தவர்களுக்குச் சொல்லும் வழக்கமான வார்த்தையை முணுமுணுத்துப் போனை வைத்துவிட்டாள். பாவம், அவள் என்ன செய்வாள்.

தம்பி ஸ்தாத்திஸ் போய் ஐந்து வருடமாகிறது. திராட்சைத் தோட்டத்துச் சரிவில் டிராக்டர் கவிழ்ந்து செத்துப்போனான். எங்கள் ஊர்க் கல்லறையில் இடம் நெருக்கடி. ஐந்து வருடமானால் தோண்டியெடுத்து, எலும்பை வைனில் கழுவிப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். பாதிரியார் நாள் குறித்துவிட்டார். தலையைத்தான் முதலில் எடுத்துக் கொடுப்பார்கள். அதை வெள்ளைத் துணியில் ஒருத்தர் வாங்கி முத்தமிட வேண்டும். அம்மா இத்தனை வருடமும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தது அதற்காகத்தான்.

"கடையில நல்ல வைனா ஒண்ணு வாங்கிட்டுப் போலாம்மா" என்றேன்.

"என் புள்ளையக் கடைச் சரக்குல கழுவவா? அவன் கையால போட்டதே இருக்குடி."

"எங்க இருக்கு?"

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் மனைவி வூலாவிடம் இருக்கிறது. எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். அடக்கத்தன்று ஊரே பார்க்க, "மழையில அவன அனுப்பிக் கொன்னவ நீதான்டி!" என்று அம்மா அவள்மேல் மண்ணை வாரித் தூற்றினாள். அதோடு பேச்சுவார்த்தை நின்றுபோனது.

"நீ பேசு லெமோனியா."

"நான் எதுக்கு? திட்டினது உன் வாய்தானே, அதே வாயால கேளு!"

வூலாவின் எண்ணை அழுத்திப் போனை அம்மா கையில் திணித்தேன். சனிக்கிழமை வருவதையும் ரூம் கிடைக்காததையும் ஒரே மூச்சில் சொல்லி, அம்மா அவன் போட்ட வைனைக் கேட்டாள். வூலாவின் குரல் எனக்கும் கேட்டது.

"கொஞ்சம் வச்சிருக்கேன் அத்தை. ஆனா புளிச்சுப்போச்சு. கொட்ட மனசு வரல."

"புளிச்சா என்ன? அவன் போட்டதுதானே."

"ரூமெல்லாம் பாக்காதீங்க. வீட்டுக்கு வந்துடுங்க." பிறகு வூலா சொன்னாள்: "ஒண்ணு கேக்கட்டுமா அத்தை? அன்னிக்கு என்னை டிராக்டர்கிட்டயே விடல. சவப்பெட்டிய மூடித்தான் கொண்டாந்தாங்க. அவர் முகத்த நான் பாக்கவே இல்ல. அந்தத் தலைய நான்..."

மேலே சொல்ல முடியாமல் ஓவென்று அழுதாள். அம்மாவின் உதடு துடித்தது. போச்சு, மறுபடியும் வாயில் வந்ததைச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"நீயே வாங்கிக்கோம்மா" என்றாள் அம்மா. "நான் பக்கத்துல நின்னுக்கறேன்."

போனை வைத்ததும் நாற்காலியில் சரிந்தாள். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. "பரவால்லம்மா, நல்ல காரியம்தான் பண்ணே" என்று அவள் முதுகைத் தடவினேன்.

அம்மா என் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

"சனிக்கிழமை என் ரெண்டு கையையும் நீ கெட்டியாப் பிடிச்சுக்கணும்டி. இல்லேன்னா அவகிட்டருந்து அதப் புடுங்கிடுவேன்."