வடிவின் கடைசிப் பக்கம்

சிமெண்டுத் தரையில் வழுக்கிக்கொண்டு வருகிறது அந்த விடைத்தாள், சாக்பீஸ் தூளைக் கூட்டிக்கொண்டு, முதல் பெஞ்சைத் தாண்டி, என் கால்விரலில் முட்டி நிற்கிறது, நூற்றுக்கு முப்பத்தொன்று, என்னுடையதல்ல, பக்கத்தில் நிற்கும் என் தோழி வடிவின் தாள், எங்கள் இங்கிலீஷ் வாத்தியார் ஞானதுரை சார் கரும்பலகைப் பக்கமிருந்தே சிரிக்கிறார், பாஸான பேப்பரு கையில, ஃபெயிலான பேப்பரு கால்ல, குனிஞ்சு எடுட்டி. ஒவ்வொரு பரீட்சைக்கும் இதுதான் அவர் வழக்கம், குனிந்து குனிந்தே எங்களில் பாதிப் பேருக்கு இங்கிலீஷ் என்றாலே தெரிந்த பதிலும் மறந்துபோகும். அன்று வடிவு குனியவில்லை. பத்தாம் வகுப்பு அரையாண்டு அது, கணக்கில் தொண்ணூறு வாங்குகிறவள், பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள், மறுநாள் நான் கூப்பிடப் போனால் அவள் மடியில் பீடி சுற்றும் தட்டு, எனக்குப் படிப்பு ஏறாதுட்டி, நீ போ, என்றாள், முகத்தை நிமிர்த்தக்கூட இல்லை.

அந்தத் தாளைக் குனிந்து எடுத்தவள் நான். வீட்டில் விரித்துப் பார்த்தால் கடைசிப் பக்கத்தில் ஒரு கடிதம், காய்ச்சலுக்கு லீவு கேட்டு வடிவு எழுதியது, நன்றாகவே எழுதியிருந்தாள், அதன்மேல் ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை, மனிதர் அந்தப் பக்கத்தைத் திருப்பவே இல்லை, முதல் பக்கத்துக் கிறுக்கலைப் பார்த்தே முடிவு கட்டியிருக்கிறார், அதைப் போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அடுத்து தரையில் வருவது என் தாளாக இருந்துவிடுமோ என்ற பயம், அந்தப் பயத்துக்காகவே அவரை மன்னிக்க மாட்டேன் என்று நினைத்தது பதினைந்து வயதிலா, இப்போதா, தெரியவில்லை. இங்கிலீஷை நான் ஆசையில் படிக்கவில்லை, வஞ்சத்தில் படித்தேன், ஒவ்வொரு வார்த்தையையும் அவர் முகத்தை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு.

இருபத்தாறு வருஷம் கழித்து, விடைத்தாள் திருத்தும் முகாமில் நான் முதன்மைத் தேர்வாளர், எனக்குக் கீழே திருத்தும் ஆறு பேர் பட்டியலில் ஞானதுரை என்ற பெயர், அதைப் பார்த்த அன்றே வடிவின் தாளைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கைப்பையில் வைத்துவிட்டேன். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை, வணக்கம் மேடம் என்கிறார், தலை நரைத்து, கண்ணாடி தடித்து, பார்க்கப் பாவமாகத்தான் இருக்கிறது, அவர் திருத்திய தாள்கட்டைச் சரிபார்க்கிறேன், மூன்றாவது தாள் முப்பத்திரண்டு, கடைசிப் பக்கத்தைத் திருப்புகிறேன், ஒரு கடிதம், சிவப்புக் கோடு இல்லை. என் இரக்கம் அந்த இடத்திலேயே செத்தது. முதலில் அந்தப் பிள்ளைக்குச் சேரவேண்டிய ஐந்து மதிப்பெண்ணை அவரையே போடவைத்துக் கையெழுத்து வாங்கினேன், கவனிக்கல மேடம் என்றார், இன்னொண்ணும் இருக்கு சார் என்று பையைத் திறந்தேன்.

பழுப்பேறிய தாள் சிமெண்டுத் தரையில் வழுக்கிக்கொண்டு போகிறது, அவர் செருப்பில் முட்டி நிற்கிறது, குனிஞ்சு எடுங்க சார், என்கிறேன், மற்ற ஐந்து பேரின் பேனாவும் நின்றுவிட்டது, அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு குனிகிறார், முழங்கால் வலிக்கிறது போல, வலிக்கட்டும். மேலே முப்பத்தொன்று என்று தானே எழுதியதைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், மறுபடி தாளைப் பார்க்கிறார், நான் விடவில்லை, கடைசிப் பக்கத்துக்கு மார்க் போடுங்க சார். ஆறு போட்டார், கூட்டினார், முப்பத்தேழு, பாஸ்தான் மேடம், என்று தாளை என்னிடம் நீட்டினார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். எனக்கு இல்ல சார், வடிவுக்கு, நம்ம பழைய ஸ்கூல் இருக்கிற ஆலங்கிணத்துல பீடிக்கடைக்குப் பக்கத்து வீடு, இப்பவும் தட்டு மடியிலதான் இருக்கும், பாஸான பேப்பரு கையிலதான குடுக்கணும், நீங்களே போய்க் குடுத்துட்டு வாங்க.